முப்பத்திரண்டு

தஸ்தகீர் பாய் கண்ணாடி மேசைமேல்
மஞ்சள் துணி விரித்து இரண்டை வைத்தார்.
ஒன்று ரிவால்வர், ஒன்று பிஸ்டல்.
"ரெண்டும் முப்பத்திரண்டுதாம்மா.
ஒன்பது எம்எம் சர்க்காருக்கு.
நமக்கு இதோட சரி."

பதினான்கு மாதம் அலைந்து லைசென்ஸ் வாங்கி
தேர்ந்தெடுக்க வந்தால்
சட்டம் முன்பே தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

முப்பத்திரண்டு.
வாயில் இருக்க வேண்டிய பல்லின் கணக்கு.
எனக்கு ஒன்று குறைவு.
அது எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே
எங்கேயோ கிடக்கிறது.
அன்றைக்குக் கூடவே போனது
பெட்ரோல் பங்க்கின் சனி ஞாயிறு கலெக்‌ஷன்,
இரண்டு லட்சத்துப் பதினோராயிரம்.
வண்டியை உதைத்துச் சாய்த்தவன்
பட்டாக்கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே
"மன்ச்சிக்கோக்கா" என்றான்.

பேங்க் வாசலில் நிற்கும் ஞானாதிக்கம் பழைய பட்டாளம்.
"முப்பத்திரண்டா? கொசுக்கடி.
ஆளைச் சாய்க்காது, கோபம்தான் வரவைக்கும்."
டேங்கர் டிரைவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
அவர்களில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

வாங்குவதற்கு முன்பே
சுமந்து பார்க்கத் தொடங்கியிருந்தேன்.
கம்ப்ரஸர் ரூமிலிருந்து ஒரு ஸ்பேனர்,
முக்கால் கிலோ,
டிபன் டப்பாவுக்கும் பில் புக்குக்கும் நடுவே.
மூன்று வாரத்தில் இடது தோள் இறங்கிவிட்டது.
இடுப்பில் வைக்கலாம் என்றால்
என் சுடிதார் ஒன்றிலும் பாக்கெட் கிடையாது.
ஆயுதச் சட்டத்துக்கு முந்தைய சட்டம் அது.
அக்னி நட்சத்திரத்தில்
அதற்கு மேல் ஒரு கோட்டு போட்டு
காலடிப்பேட்டையில் நடந்தால்
துப்பாக்கி இருக்கிறது என்று
தெருநாய்க்குக்கூடத் தெரியும்.

"பிஸ்டல்ல எட்டு, ரிவால்வர்ல ஆறு.
பிஸ்டல் சிக்கிக்கிச்சின்னா இழுத்துவிடணும்,
பதட்டத்துல கை வராது.
ரிவால்வர் கோளாறு இல்லாத மாப்பிள்ளை."

நான் கேட்டது வேறு.
"இது எதையெல்லாம் தாண்டும்?"
பாய் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
"செங்கல்லுல நிக்கும்.
பிளைவுட்டு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ்...
அதெல்லாம் சொவுரே இல்லம்மா."

கையில் அதன் குளிர்ச்சி ஏற ஏற
என் நாள் முழுவதையும் சுட்டுப் பார்த்தேன்.
பங்க்கில் சுட்டால்
அவனுக்குப் பின்னால் இரண்டாம் நம்பர் பம்பு,
அதன் பக்கத்தில் தேசப்பன்,
இருவருக்கும் மேலே
நானே ஏணி போட்டு மாட்டிய பலகை:
இங்கே செல்போன் பேசாதீர்.
எக்ஸ்பிரஸ் ரோட்டில் சுட்டால்
பின்னால் ஷேர் ஆட்டோ, உள்ளே எட்டுப் பேர்,
இல்லையென்றால் கண்டெய்னர் லாரி,
இல்லையென்றால் கடல்.
கடல் மட்டும் பரவாயில்லை.
வீட்டில் சுட்டால்
சுவர் இல்லாத சுவர்,
அதற்கு அந்தப் பக்கம் ஃபிலோமினாவின் கட்டில்.

ரிவால்வர்தான் வாங்கினேன்.
அப்பாவின் பெயரையும் என் பெயரையும்
பாய் நிதானமாக எழுதினார்:
வடிவாம்பாள், த/பெ ஆளவந்தார்.
இருபத்தைந்து தோட்டா எண்ணிக் கொடுத்தார்.

தேர்தல் அறிவித்த மறுநாள்
ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ரைட்டர் துணியைப் பிரித்து
மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு
ரசீதில் கிறுக்கினார்.
"தோட்டா பத்தொன்பதா? ஆறு எங்க?"
"பழகப் போன எடத்துல."
"யாருக்கும் படலயே?"
சிரித்தார், நானும் சிரித்தேன், பல்லிடுக்கு தெரிய.

இரண்டு மாதம் மறுபடி ஸ்பேனர்.
அதன் முதுகில் வார்த்த எண்ணை
அப்போதுதான் படித்தேன்:
முப்பது, மறுமுனையில் முப்பத்திரண்டு.
தேசப்பனிடம் சொன்னேன்,
அவனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

ரைட்டரிடம் சொல்லாதது ஒன்றுண்டு.
ஆறில் ஐந்துதான் என் அட்டையில்.
ஆறாவது
பக்கத்து ஆளின் அட்டையிலும் இல்லை,
மண்மேட்டிலும் தடம் இல்லை.
மாஸ்டர் "விடுங்க மேடம்" என்றார்.

இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்,
ராத்திரியில்,
ஆஸ்பெஸ்டாஸுக்கு அந்தப் பக்கம்
ஃபிலோமினாவின் பிள்ளை
இருமிவிட்டு
சத்தமில்லாமல் போகும்போது.